நட்சத்திரக் கேள்வி

வைரல் காய்ச்சல் வந்தால் மூன்று நன்மைகள் உண்டு. ஆபீஸ் போக வேண்டாம். மிளகு ரசம் கிடைக்கும். டி.வி. ரிமோட் நம் கைக்கு வரும். சாதாரண நாட்களில் எங்கள் வீட்டு ரிமோட்டின் மேல் எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அன்றைக்கு மகள் ஸ்கூலுக்குப் போய்விட்டாள், மனைவி அடுக்களையில் இருந்தாள். நான் சர்வாதிகாரியாகச் சானல் மாற்றிக்கொண்டே போய், கடைசியில் பார்லிமெண்டில் போய் விழுந்தேன்.

நேரடி ஒளிபரப்பு. மணி பதினொன்று. கேள்வி நேரம்.

நிதியமைச்சர் எழுந்து, "பதில் சபையின் மேஜை மீது வைக்கப்படுகிறது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். நான் ஏமாந்து போய்விட்டேன். இதற்கா இத்தனை ஏற்பாடு? அந்தப் பேப்பரை தபாலில் அனுப்பியிருக்கலாமே என்று தோன்றியது. ஆனால் விளையாட்டே அதற்குப் பிறகுதான் என்பது போகப் போகப் புரிந்தது.

லோக்சபாவில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 நட்சத்திரமில்லாத கேள்விகள். நட்சத்திரம் என்றதும் சினிமா ஞாபகம் வர வேண்டாம். கேள்விக்குத் தலையில் ஒரு சின்ன புள்ளி நட்சத்திரம் போடுவார்கள், அவ்வளவுதான். நட்சத்திரம் இருந்தால் அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். பச்சைத் தாளில் அச்சாகும். நட்சத்திரம் இல்லையென்றால் வெள்ளைத் தாள், எழுத்து மூலம் பதில். யார் கேள்விக்கு நட்சத்திர வரிசையில் இடம் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். சீட்டுக் கம்பெனி மாதிரியேதான். 15 நாள் முன்னதாகவே நோட்டீஸ் கொடுத்துவிட வேண்டும். ஆக, கேள்வி என்ன என்பது அமைச்சருக்கு நன்றாகத் தெரியும். நமக்கு டிகிரி பரீட்சையில் இப்படி ஒரு வசதி இருந்திருந்தால் நானும் டிஸ்டிங்ஷன்தான்.

கேள்வியின் அமைப்பே ஒரு தினுசு. (அ) மாதச் சம்பளக்காரர்களின் வருமான வரிச் சுமையைக் குறைக்கும் திட்டம் அரசிடம் உள்ளதா? (ஆ) அப்படியானால் அதன் விவரம்? (இ) இல்லையெனில் காரணம்? பதிலும் அதே தினுசு. (அ) இல்லை, ஐயா. (ஆ) மற்றும் (இ) கேள்வி எழவில்லை.

'கேள்வி எழவில்லை' என்பது எவ்வளவு அருமையான வாசகம் பாருங்கள். இதை வீட்டில் சொல்லிப் பார்க்கலாம் என்று ஒரு நிமிஷம் ஆசை வந்தது. அப்புறம் உடம்பு ஏற்கெனவே சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

உண்மையான கத்தி துணைக் கேள்வியில்தான் இருக்கிறது. கேட்ட உறுப்பினருக்கு வழக்கமாக இரண்டு துணைக் கேள்விகள் உண்டு. பிறகு சபாநாயகர் அனுமதித்தால் மற்றவர்களும் கேட்கலாம். இதற்கு நோட்டீஸ் கிடையாது, எழுதிவைத்த பதிலும் கிடையாது. அதிகாரிகள் தங்களுக்கான காலரியில் ஃபைலும் கையுமாக உட்கார்ந்து, அவ்வப்போது துண்டுச் சீட்டு அனுப்புவார்கள். காலேஜில் நாங்கள் செய்தபோது 'பிட்' என்று பெயர் வைத்து வெளியே அனுப்பினார்கள்.

*

நிதியமைச்சருக்கு என்று இரண்டு கேடயங்கள் உண்டு.

முதல் கேடயம் ஜி.எஸ்.டி. கவுன்சில். "இந்தப் பொருளுக்கு ஏன் இத்தனை வரி?" என்று கேட்டால், "விகிதத்தைக் கவுன்சில் முடிவு செய்கிறது, அதில் உங்கள் மாநில அமைச்சரும் இருக்கிறாரே" என்று பதில் வரும். சட்டப்படி சரிதான். ஓட்டில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மத்திய அரசு வேண்டாம் என்றால் நடக்காது. மாநிலங்கள் பாதிப் பேராவது சேராவிட்டாலும் நடக்காது. எல்லாரும் பொறுப்பு, ஆகவே யாரைக் கேட்பது என்று தெரியாது. எங்கள் அபார்ட்மெண்ட் அசோசியேஷன் மாதிரி.

அந்தக் கவுன்சில் 2024 டிசம்பரில் கூடி பாப்கார்னுக்கு விளக்கம் கொடுத்தது. உப்பும் மசாலாவும் போட்டு உதிரியாகக் கொடுத்தால் 5 சதவிகிதம். அதையே லேபிள் ஒட்டிப் பாக்கெட்டில் அடைத்தால் 12. கேரமல் சேர்ந்து இனித்தால் 18. நாடே சிரித்தது. அதற்கும் முன்னால், 2020-ல், பரோட்டாவும் சப்பாத்தியும் ஒரே ஜாதியா என்று கர்நாடகத்தில் ஒரு வழக்கு கிளம்பி, பாக்கெட் பரோட்டாவுக்கு 18 சதவிகிதம் என்று தீர்ப்பு வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 விகிதங்கள் போய், பெரும்பாலும் 5, 18, சிலவற்றுக்கு மட்டும் 40 என்று ஆனபோது, பரோட்டாவுக்கும் விடுதலை கிடைத்தது. இப்போது சப்பாத்தி, பரோட்டா இரண்டுக்கும் வரி பூஜ்யம். சால்னாவைப் பற்றி யாரும் நட்சத்திரக் கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை.

இரண்டாவது கேடயம், "பரிசீலனையில் உள்ளது." இதன் அண்ணன் "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, சபையின் மேஜை மீது வைக்கப்படும்." இதெல்லாம் நழுவல் என்றுதான் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை சார். லோக்சபாவில் 1953-லேயே உறுதிமொழிக் குழு என்று ஒன்று போட்டுவிட்டார்கள். அமைச்சர் "பார்க்கிறேன்", "பரிசீலிக்கிறேன்" என்று வாய் தவறிச் சொன்னால் போதும். அந்தக் குழு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு, மூன்று மாதத்தில் என்ன செய்தாய் என்று துரத்தும். நடைமுறையில் வருஷக்கணக்கில் இழுப்பதும் உண்டு. ஆனாலும் குறித்துவைக்கிறார்கள் பாருங்கள், அதுதான் விஷயம்.

*

ஒரு கேள்வியால் என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? ஒரு நிதியமைச்சரின் பதவியே போயிருக்கிறது. அதுவும் நம்மூர்க்காரர்.

டி.டி. கிருஷ்ணமாச்சாரி சாமானியப்பட்டவர் இல்லை. சொத்து வரியையும் செலவு வரியையும் 1957-ல் கொண்டுவந்தவர். செலவு செய்தால் அதற்கும் வரி! அந்த வரி 1962-ல் போய், அவர் திரும்ப நிதியமைச்சரானதும் 1964-ல் மறுபடி வந்து, 1966-ல் ஒரேயடியாகப் போனது. சொத்து வரிக்கு ஆயுசு கெட்டி, 2015-ல்தான் ரத்தானது.

1957-ல் அவருக்கு வந்த வம்பு வரியால் அல்ல. அப்போது எல்.ஐ.சி. பிறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு கம்பெனிகளில் அது சுமார் ஒண்ணேகால் கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. ஜனங்களின் பிரீமியப் பணம். செப்டம்பரில் சபையில் கேள்வி வந்தது, மழுப்பலாகப் பதில் வந்தது. அதோடு போயிருக்கும். டிசம்பரில் ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டார். அவர் எதிர்க்கட்சி இல்லை. ஆளுங்கட்சிக்காரர், ஃபெரோஸ் காந்தி. பிரதம மந்திரியின் சொந்த மாப்பிள்ளை! நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை. பம்பாயில் பொதுஜனங்கள் முன்னிலையில் நடந்து, சில வாரங்களில் முடிந்தது. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா செய்தார்.

இதில் ஒரு நீதி இருக்கிறது. ஆபத்தான கேள்வி எதிர் பெஞ்சிலிருந்துதான் வரும் என்று காத்துக்கொண்டிருக்கக் கூடாது. அது பக்கத்து நாற்காலியிலிருந்து வரும்.

எனக்கு அடுக்களையிலிருந்து வந்தது.

*

"ஏங்க, காய்ச்சல் விட்டுடுச்சா?"

"இப்பப் பரவாயில்ல."

"அப்ப ஒண்ணு கேக்கறேன். இந்த வருஷம் பி.பி.எஃப். கட்டிட்டீங்களா?"

இதற்கு முன்கதைச் சுருக்கம் தேவை.

எனக்கு வருஷத்துக்கு 9,60,000 ரூபாய் சம்பளம். கேட்க நன்றாக இருக்கும். கையில் வருவது வேறு. பழைய வரி முறையில் நிலையான கழிவு 50,000, 80-சி பிரிவில் ஒன்றரை லட்சம், இரண்டையும் கழித்தால் 7,60,000. அதற்கு வரி 64,500, செஸ் 4 சதவிகிதம், ஆக 67,080 ரூபாய். அந்த ஒன்றரை லட்சம் எப்படி வந்தது? ஆபீஸ் பி.எஃப். பிடித்தம் 60,000. எல்.ஐ.சி. பிரீமியம் 18,000. பாக்கி 72,000-க்காக மாதம் 6,000 எடுத்துவைத்து மார்ச்சில் பி.பி.எஃப்.

2025 பட்ஜெட் வந்தது. புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை, சம்பளக்காரர்களுக்கு 75,000 கழிவும் சேர்த்து 12,75,000 வரை இல்லை. ஆனால் புதிய முறையில் 80-சி கிடையாது. ஏப்ரலில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் ஃபாரம் கொடுத்தார்கள். எந்த முறை? யோசிக்க என்ன இருக்கிறது! டிக் அடித்தேன். 67,080 ரூபாய் மிச்சம்.

அப்புறம்தான் மூளையில் அந்த எண்ணம் வந்தது. வரிக்காகத்தானே பி.பி.எஃப். கட்டினேன்? வரியே இல்லை என்றால் எதற்குக் கட்ட வேண்டும்? கணக்கு உயிரோடு இருக்க வருஷத்துக்கு 500 ரூபாய் போட்டால் போதும். 67,080-ம் 72,000-மும் சேர்த்து 1,39,080. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 11,590. ஒரு சின்னக் காருக்குத் தவணை!

செப்டம்பரில் சின்னக் காருக்கான வரியும் 28 சதவிகிதமும் அதன் மேல் செஸ்ஸும் போய் 18 ஆனது. ஒரு கையால் வருமான வரியை எடுத்துவிட்டு, மறு கையால் கார்க் கதவைத் திறந்து பிடிக்கிறது சர்க்கார். நான் என்ன, முனிவரா?

ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பையனிடம் இதைச் சொன்னேன். இருபத்துநாலு வயசு. "80-சி-ன்னா என்ன சார், பஸ் நம்பரா?" என்றான். விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப, வரி போடுவாங்கன்னு பயந்துதான் இத்தன வருஷம் சேத்தீங்களா சார்? உங்களுக்கா தோணலையா?" என்றான்.

அவன் அறியாமல் கேட்டான். நட்சத்திரக் கேள்வி. எனக்குத் துண்டுச் சீட்டு அனுப்ப எந்த அதிகாரியும் இல்லை.

*

அடுக்களைக்கு வருவோம்.

"மார்ச்லதான கட்டுவேன்?" என்றேன். கௌரவமான பதில்.

முதல் துணைக் கேள்வி: "அதுக்கு மாசாமாசம் எடுத்து வைப்பீங்களே ஆறாயிரம், பீரோவுல பாஸ்புக் இருக்கு, ஏப்ரல்லேர்ந்து ஒண்ணுமே ஏறலையே?"

எட்டு மாதம். 48,000 ரூபாய். அது தவிர வரியில் மிச்சமான பணம் எட்டு மாதத்துக்கு 44,720. இரண்டும் சேர்ந்து கார் அட்வான்ஸாகக் குவிந்திருக்க வேண்டும். குவியவில்லை. எங்கே போயிற்று? சத்தியமாக எனக்கே தெரியாது. ஒரு புது போன். நாலைந்து தடவை ஓட்டல். பாக்கியெல்லாம் டீக்கடையிலும் மளிகைக் கடையிலும் 'டிங்' என்று ஒரு சத்தத்தோடு போனது. வரியாகப் போன காலத்தில் சம்பளச் சீட்டில் ஒரு வரியாவது இருக்கும்.

"தகவல் திரட்டப்பட்டு வருகிறது" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. இரண்டாவது துணைக் கேள்வி: "நேத்து நீங்க தூங்கறப்ப ஷோரூம்லேர்ந்து போன் வந்துது. சனிக்கிழமை டெஸ்ட் டிரைவ் வர்றீங்களான்னு கேட்டாங்க. அவ காலேஜுக்கு எடுத்து வெச்ச பணத்துலயா கார்?"

இங்கே ஒரு ரகசியத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கை 2013 மார்ச்சில் ஆரம்பித்தேன். மகளுக்கு அப்போது ஒண்ணரை வயசு. "பொண்ணு பொறந்ததும் பொறுப்பு வந்துடுச்சு பாரு" என்று என் மாமனார் ஊரெல்லாம் சொன்னார். மறுக்கவில்லை. உண்மை என்னவென்றால், மார்ச் 28-ம் தேதி அக்கவுண்டண்ட், "ரசீது கொடுக்கலேன்னா இந்த மாசச் சம்பளத்துல மொத்தமா பிடிச்சிடுவேன்" என்று மிரட்டினார். ஓடிப்போய் கணக்கு ஆரம்பித்தேன். அது முதிர்வது 2028 ஏப்ரலில். மகள் ப்ளஸ் டூ முடிக்கும் அதே மாதம். நான் திட்டமிட்ட மாதிரி இருக்கிறதல்லவா? இல்லை. வருமான வரி இலாகா திட்டமிட்டது. பதின்மூன்று வருஷமாக நான் வாங்கிய 'நல்ல அப்பா' பட்டத்தில் பாதி 80-சி-க்குச் சேர வேண்டியது.

பழைய முறை பெரிய புனிதம் என்று சொல்ல வரவில்லை. மார்ச் கடைசியில் என்ன ஏது என்று பார்க்காமல் யாரோ நீட்டின பாலிசியில் கையெழுத்துப் போட்டு, பத்து வருஷம் அழுதவர்கள் எங்கள் ஆபீஸிலேயே உண்டு. 1973-ல் உச்ச வரி சர்சார்ஜோடு 97.75 சதவிகிதம், 11 படிகள். அந்த நாடகத்தில் பணம் சேர்ந்ததைவிடப் பதுங்கியதுதான் அதிகம். 1997-ல் 10, 20, 30 என்று மூன்றே படியாக ஆனபோது எங்கள் அப்பாவுக்குக்கூடத் தன் வரி புரிந்தது. எளிமை நல்லதுதான். 1961-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாக, 2026 ஏப்ரல் 1-ஐ அமல் தேதியாக வைத்து, 536 பிரிவுகளோடு புதுச் சட்டமே போட்டாயிற்று. அதில் நம் 80-சி-க்குப் பெயர் 123.

ஆனால் முன்பெல்லாம் சர்க்கார் கண்டிப்பான பெரியப்பா மாதிரி, "சேத்து வை, வரியை விட்டுத் தர்றேன்" என்றது. இப்போது, "பணம் உன்னுது, இஷ்டம் உன்னுது" என்கிறது. பெரியப்பா போனபின் வீட்டில் கேள்வி கேட்க யார் இருக்கிறார்கள் என்பதுதான் பிரச்னை. அரசியல் சட்டத்தின் 265-வது ஷரத்து, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாரிடமும் வரி வாங்கக் கூடாது என்கிறது. அதனால்தான் எப்பேர்ப்பட்ட நிதியமைச்சரும் சபையில் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது. அடுத்தவர் பணத்தில் கை வைப்பவன் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பாஸ்புக்கில் என் பெயர் இருந்தாலும், அது மகளின் பணம்.

படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தேன். "மார்ச்சுக்குள்ள கட்டிடறேன். பார்க்கறேன்" என்றேன்.

அவள் காலண்டரில் மார்ச் மாதத்தைத் திருப்பி, 31-ஐச் சுற்றி பேனாவால் வட்டம் போட்டாள். உறுதிமொழிக் குழு.

*

அந்த 72,000 எப்படிப் புரண்டது என்று கேட்காதீர்கள். பதினைந்து நாள் லீவை சரண்டர் செய்தேன். டிசம்பரிலிருந்து ஓட்டல் கட். ஷோரூம்காரரிடம் "பரிசீலனையில் உள்ளது" என்றேன், அவர் இன்னமும் போன் செய்கிறார். பழைய ஸ்கூட்டருக்குப் புது டயர் போட்டாயிற்று.

ஆபீஸ் பையனுக்கும் பதில் சொன்னேன். "ஆமாம்ப்பா, பயந்துதான் சேத்தேன். உன்னை பயமுறுத்த ஆள் இல்ல. நீயாத்தான் பயப்படணும்." ஒரு வாரம் கழித்து வந்து, மாதம் ஆயிரம் ரூபாய்க்குக் கணக்கு ஆரம்பித்திருப்பதாகச் சொன்னான். வரிச் சலுகை எதுவும் இல்லாமல், அக்கவுண்டண்ட் மிரட்டாமல். என்னைவிட யோக்கியன்.

மார்ச் 30-ம் தேதி ராத்திரி ரசீதைக் கொண்டுவந்து நீட்டினேன். மனைவி தோசைக் கரண்டியோடு நின்றாள், கை ஒழியவில்லை.

"மேஜை மேல வைங்க" என்றாள்.

வைத்தேன்.